பெரிய மாமா பொட்டாசியமான ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று நீயாகச் சொல்லப்போவதில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே.

உன் ஆராய்ச்சியில் அந்த மூளைச் செல் தாளம் தப்பித் தப்பித் துடிக்கிறது, காரணம் பிடிபடவில்லை என்று நீ அழாத குறையாகச் சொன்னபோது, பேசாம என்கூட வந்து லிஃப்ட் ரிப்பேர் பாரு, அதுலயாவது பட்டனை அமுக்கினா நகரும் என்று உன் அப்பா கிண்டல் செய்தாரே, நீயும் பட்டென்று போனை வைத்தாயே, அதிலிருந்து மனுஷன் சரியில்லை. வெளியே ஜம்பம்தான், ஆனால் நீ அனுப்பிய மூளைச் செல் படத்தைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்துக்கொண்டே இருந்தார். செல்லின் சுவரில் கதவுகள் உண்டு, அவற்றின் வழியாக உப்புத் துகள்கள் போய்வருவதுதான் மின்சாரம் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, கதவு திறந்து மூடுற வேலை எனக்கா தெரியாது என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டார்.

நம் கூடம்தான் செல்லாம். வாசலில் நிற்கும் சித்தி வீட்டுப் பட்டாளம் சோடியம், உள்ளே பெரிய மாமாவும் அத்தையும் பொட்டாசியம். அவர் கை தட்டினால் வாசல் கதவு திறந்து சோடியம் திபுதிபுவென்று உள்ளே வரும், கூடம் சூடேறும், உடனே அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பிறகு பின்கதவு மெதுவாகத் திறந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும், கூடம் அடங்க வேண்டும். மாமாவும் அத்தையும் நான் முந்தி நீ முந்தி என்று சேர்ந்தே போய்ப் பின்கதவில் சிக்கிக்கொண்டார்கள். பொட்டாசியம் போகலை, அடங்க மாட்டேங்குது, வலிப்பு வரப்போகுது என்று உன் அப்பா கத்த, பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா யாருக்கோ நிஜமாகவே வலிப்பு என்று ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை மாமா தலையில் கவிழ்த்துவிட்டாள். அதில் மாமா வழுக்கி வெளியே வந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

அதோடு கூடம் அப்படியே அடங்கிப்போனது. அடுத்த துடிப்பை யார் தொடங்குவது என்று உன் அப்பாவுக்கே தெரியவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு இரைச்சல் கேட்டால் பயமில்லை, சத்தம் நின்றால்தான் எழுந்து போய்ப் பார்ப்பேன், உன்னை வளர்த்த பழக்கம். சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்தார்கள், மெல்லப் பேச்சு கிளம்பியது, கூடம் மறுபடி சூடேறியது. உன் அப்பா என்னைக் காட்டி, ரொம்ப அடங்கிப்போனாத்தான் திறக்கிற கதவு இவதான், இது சரியா திறக்கலைன்னா தாளம் எப்படித் தப்பாம இருக்கும், பாப்பா இதைத்தானே தேடிட்டு இருக்கா, இதையா நான் கிண்டல் பண்ணேன் என்று சொல்லிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. வாளித் தண்ணீர் தெறித்ததாகச் சொன்னார்.

எனக்கு உன் சோடியமும் தெரியாது, அவருடைய லிஃப்டும் தெரியாது. உங்கள் இருவருக்கும் நடுவே பேச்சு அந்தக் கூடம் போலவே ரொம்ப அடங்கிப்போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன். படிப்பை விட்டுவிட்டு வருவதானால் உனக்கே வேண்டாமென்று தோன்றி வா, எப்போதும் உன் அறை இருக்கிறது. அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக வராதே.

நன்றாக இரு, நிறைவாக இரு, நினைத்தது கைகூடட்டும். மாமாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, மறக்காமல் விசாரித்து ஒரு வரி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா

அப்பா எழுதுவது: உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தாள், படித்துவிட்டேன். தப்பு என்னுடையது. இனி தினமும் காலையில் கூப்பிடுவேன். திட்டுவதற்காகவாவது எடு.