பாதி ஆட்டத்தில் போனவளுக்கு

இன்று காலை ஹட்டனில் கடை ஷட்டரை ஏற்றும்போது கைபேசி அதிர்ந்தது. நாம் ஆடிய துப்பாக்கி விளையாட்டில் புதிய சீசன் தொடங்கிவிட்டதாம். திறந்து பார்த்தேன். நண்பர்கள் பட்டியலில் உன் ரேங்க் இன்னும் கீழே போயிருந்தது. ஆடாதவர்களை ஒவ்வொரு சீசனிலும் இறக்கிவிடுவார்கள். ஏன் ஆடவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் வட்டகொடையில், தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான உங்கள் லயத்துக் காம்பராவில், சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலோரம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தோற்றுக்கொண்டே இருந்தும் என் லெவல் ஏறுகிறதே என்று நான் குதித்தேன்.

நீ சிரித்தாய். "அது எக்ஸ்பி டி, அனுபவப் புள்ளி. சும்மா வந்து சுட்டுட்டுப் போனாலே குடுப்பாங்க, கொறையாது. ரேங்க் அப்புடி இல்ல. ஜெயிச்சா ஏறும், தோத்தா எறங்கும். ஏற ஏற நம்மளவிட கெட்டிக்காரங்கள எதிர்ல விடுவாங்க. பாதியில போனியோ, தோத்ததவிட கூட வெட்டுவாங்க."

நீ போன அந்தப் பிற்பகல், உச்ச ரேங்கைத் தொட உனக்கு ஒரே ஒரு வெற்றி பாக்கி. மழை நாள்கணக்கில் விடவில்லை. கடைக்கு யாரும் வராததால் நானும் ஹட்டனிலிருந்தே உன்னோடு ஆடிக்கொண்டிருந்தேன். நம் அணியின் மற்ற இருவரும் நம் பேச்சு பிடிக்காமல் நம் குரல் கேட்காதபடி அணைத்துவிட்டார்கள். உன் மைக்கில் மழை கேட்டது. அதற்கு மேலே உன் அம்மாவின் குரல்.

"மலை எறங்குதுடி! வெளிய வா!"

"இரும்மா, இப்ப எந்திரிச்சா பாயின்ட் போயிரும்."

லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

திரையில் உன் உருவம் நடுவீதியில் அப்படியே நின்றது. எவனோ சுட்டு வீழ்த்தினான். நான் உன் நம்பரை அழைத்துக்கொண்டே இருக்க, நம் அணிக்காரன் எழுதினான்: "தோக்கப்போறம் எண்டு ஓடிட்டாள். தோட்டத்து நெட்டை வச்சுக்கொண்டு ஏன் ரேங்க் ஆட வாறியள்?" மற்றவன் சிரிக்கும் பொம்மை போட்டான். இருவரும் உன்மேல் புகார் அனுப்பினார்கள். உன்னை மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் முன்பே உன் புள்ளிகளை வெட்டிவிட்டார்கள்.

வாசலில் நின்றதால் உன் அம்மா பிழைத்துக்கொண்டார். இப்போது உறவினர் லயத்தில் இருக்கிறார். போகும்போதெல்லாம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்.

"நா கூப்புட்டது அவளுக்குக் கேட்டிருக்குமா புள்ள?"

"கேட்டிருக்காதுங்கம்மா. காதுல ஹெட்செட் மாட்டியிருந்தாளே."

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறேன். அவரோ தொண்டையைப் பிடித்துக்கொள்கிறார். "இன்னும் சத்தமாக் கூப்புட்டிருக்கணும்," என்கிறார்.

நீ பதில் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்.