ஷாக்வேவ் அறையில் சில சனிக்கிழமைகள்

அக்கா,

பக்கத்து வீட்டில் குளியலறைத் தரையைப் பெயர்க்கிறார்கள். காலையிலிருந்து டக்டக்டக் என்று மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் காதில் விழுந்ததும் என் குதிகால் தானாகச் சுருங்கிக்கொண்டது. நீங்கள் இருந்திருந்தால் உடனே போன் போட்டு அதைக் கேட்க வைத்திருப்பேன். 'பாப்பா மிஷினைப் போட்டுடுச்சா டீச்சர்?' என்று சிரித்திருப்பீர்கள். நம் பிசியோதெரபிப் பெண்ணை அப்படித்தானே கூப்பிடுவீர்கள். இதை அழுதுகொண்டு எழுதவில்லை. உங்கள் சாவைப் பற்றி ஊரில் தவறாக ஒரு பேச்சு ஓடுகிறது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் அந்த பிசியோதெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் முதன்முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் கையில் இருந்த பஸ் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, 'கீவளூரா?' என்று கேட்டீர்கள். நீங்களும் கீழ்வேளூர்தான். நாகப்பட்டினம் துறைமுகத்தில் விடியுமுன் மீன் எடுத்து, எங்கள் ஊர் மார்க்கெட்டில் அரிந்து விற்பவர். நான் சைவம் என்பதால் அந்தப் பக்கமே வந்ததில்லை. அதற்கும் சிரித்தீர்கள். கணவர் இறந்த பிறகு அந்த அரிவாள்மணையின் முன் உட்கார்ந்துதான் மகனை வளர்த்திருந்தீர்கள். இப்போது வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. மீனை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, தண்ணீர்ச் செம்பு கூடக் கை நழுவுகிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வியாபாரம் செய்திருக்கிறீர்கள்.

எனக்குக் குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும் தசைநாணில் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன். பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு ஆசிரியை நான். தலைமையாசிரியை அனுதாபமாகத்தான் சொன்னார், இனி மைதானத்தை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு ஆபீஸ் வேலையைப் பார்க்கலாமே என்று. உங்கள் வீட்டிலும் அதே அனுதாபம். போதும், வீட்டில் இருங்கள் என்று மகன் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். 'நல்லதுக்குத்தான் சொல்றாங்க டீச்சர். அதான் எரிச்சலா வருது' என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில் நாம் சிநேகிதிகளானோம்.

ஷாக்வேவ் என்றதும் உங்கள் வீட்டில் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்று பயந்துவிட்டார்கள். பிசியோதெரபிப் பெண் பொறுமையாக விளக்கினாள். இது கரண்ட் இல்லை, அழுத்த அலை. நாள்பட்ட வலியில் நாண் ஆறாமல் அப்படியே தேங்கிக் கிடக்கும். மேலிருந்து தட்டித் தட்டி, ஆறும் வேலையை மறுபடி கிளப்பிவிடப் பார்ப்பதுதான் இந்த வைத்தியம். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. கேட்டாலும் பலன் தெரியப் பல வாரம் ஆகும். கூடவே உடற்பயிற்சி செய்யாவிட்டால் வந்து பிரயோசனமில்லை. அந்த வலி மாத்திரை ஆறுவதைத் தடுக்கலாம், அதையும் நிறுத்த வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னபோது மட்டும் உங்கள் முகம் மாறியது.

முதல் நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன். அடுத்து நீங்கள். ஜெல்லைத் தடவி, அந்தத் துப்பாக்கி மாதிரியான கைப்பிடியை முழங்கையில் வைத்ததும் மிஷின் படபடவென்று அடித்தது. வலிக்குதா அம்மா என்று அவள் கேட்டாள். உங்கள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. 'வலிக்குது. நீ நிறுத்தாத பாப்பா, தாங்கலைன்னா நானே சொல்றேன்' என்றீர்கள்.

சனிக்கிழமை தோறும் ஒரே பஸ்ஸில் போனோம். திருவாரூர் தாண்டினால் இரண்டு பக்கமும் நடவு வயல். ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கட்டை மெதுவாக இறக்கி ஏற்றுவீர்கள். அதற்கு டம்ப்பெல் வாங்கச் சொன்னார்கள். நீங்கள் தராசின் அரைக் கிலோ படிக்கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தீர்கள். நான் பஸ் ஸ்டாண்டு படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கிப் பயிற்சி செய்வேன். ஜனங்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று பக்கத்திலேயே காவல் நிற்பீர்கள்.

சிகிச்சை பாதி ஓடியும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எனக்கே நம்பிக்கை தளர்ந்திருந்த அந்த வாரம்தான் உங்கள் மகன் கிளினிக்குக்கே வந்துவிட்டான். கெட்டவன் இல்லை. இரவில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு முனகுவதைப் பார்க்கச் சகிக்காமல் வந்தவன். மாத்திரையும் இல்லாமல் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டான். மார்க்கெட்டில் உங்கள் இடத்தை வேறொருவருக்கு விடப் பேசிவிட்டதாகவும் சொன்னான். 'நாங்க சோறு போட மாட்டோமாம்மா?' என்றான்.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

'நீ போடுவப்பா. எனக்குத் தெரியும். ஆனா அப்புறம் நான் எப்ப எந்திரிக்கணும், எங்க போகணும்னும் நீதான் சொல்லுவ. என் கை எப்ப ஓயணும்னு நான்தான் சொல்லணும். இடத்தை யாருக்கும் விடாத.'

அவன் வெளியே போய் நின்றான். நீங்கள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டீர்கள். அன்றைக்குத்தான் நான் வீட்டுக்கு வந்து, ஆபீஸ் வேலை எனக்கு வேண்டாம் என்று தலைமையாசிரியைக்குப் போனில் சொன்னேன்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி சிட்டிங் முடிந்த பிறகும் பயிற்சியை விடாமல் செய்துகொண்டிருந்தோம். மழைக்காலம் முடியும்போது ஒரு நாள் காலையில் சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரை போயிருந்தேன். போன பிறகுதான் அது உறைத்தது. அதே வாரம் மார்க்கெட்டுக்கு வரச் சொன்னீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தேன். ஒரு பெரிய கொடுவா மீனை அரிவாள்மணையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினீர்கள். தலை தனியாக வந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினீர்கள். வலி முழுக்கப் போய்விடவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்க ஆள் வைத்துக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்தீர்கள். பிறகு ஒரு மத்தியானம், வியாபாரம் முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

துக்க வீட்டில் உங்கள் சொந்தக்காரர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், அந்த ஷாக் வைத்தியமும் இந்த அலைச்சலும்தான் கொன்றுவிட்டது, பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம் என்று. அந்நிய வீட்டில், அதுவும் சாவு வீட்டில், நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதுதான். திறந்தேன். முழங்கையில் செய்த வைத்தியம் இரண்டு வருஷம் கழித்து நெஞ்சை அடைக்காது என்றேன். அவங்க செத்தது எப்படின்னு பேசறீங்க, வாழ்ந்தது எப்படின்னு யாராவது கேட்டீங்களா என்றேன். உங்கள் மகன்தான் வாசலிலிருந்து சொன்னான்: 'டீச்சர் சொல்றது சரி. அம்மா யாரு கையையும் எதிர்பாக்காமத்தான் போச்சு. சும்மா இருங்க.'

அந்தப் பேச்சு இன்னும் ஊரில் சுற்றுகிறது. நானும் விடுவதாக இல்லை. கேட்கிற இடத்தில் எல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். அவர் மகள் என் கபடி அணியில் இருக்கிறாள். முழங்கால் சிப்பிக்குக் கீழே நாணில் வலி. பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு, பேரை எடுத்துவிடுங்கள் என்றார். அவர் முகத்தில் இருந்ததும் பாசம்தான். டாக்டரிடம் காட்டுவோம், அவர் சொல்கிற வரை ஓய்வு கொடுப்போம், பயிற்சி செய்யட்டும் என்றேன். அவர் விடவில்லை. அப்போது என்னையும் அறியாமல் உங்களைப் போலக் குரலை இறக்கிக்கொண்டேன்.

'ஓய்வு எவ்வளவு நாள்னு டாக்டர் சொல்லட்டும்ங்க. ஆட்டத்தை விடறதா வேணாமான்னு அவ சொல்லட்டும்.'

அந்தப் பெண் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தன் முழங்காலை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

'ஆடுவேன்' என்றாள்.