கத்திதான் நகர வேண்டுமாம்

என் மனைவிளக்கே,

இறையருளால் நலம். உன் முழங்கால் வலி தணிய நாளும் வேண்டுகிறேன்.

அரிவாள்மணையில் பழகிய என் கை, புதிதாய்ச் சேர்ந்த இந்தச் சமையற்கூடத்தில் கத்தியை அசையாமல் பிடித்து, தக்காளியை அதன்மேல் தள்ளியது. விரலில் சிறு கீறல்தான்; அஞ்சாதே. தலைமைச் சமையற்காரர் சிரித்தார்.

"பெரியவரே, இங்க கத்திதான் நகரணும்! தக்காளிக்குப் பல்லு வச்சது, பூசணிக்குக் கனமானது, பூண்டுக்குச் சின்னது. மறுபடி விரலை நறுக்கினா பாத்திரம் கழுவத்தான் போகணும்!"

இன்று ஒரு கூடைத் தக்காளி முழுவதையும் பற்கத்தியால் நசுங்காமல் அரிந்தேன். "காய்கறி மேசை இனி உங்களுதுதான்" என்றார். கூப்பிய கரத்தை ஆண்டவன் கைவிடுவானா?

கத்தி துடைக்க, உன் பழைய நூல்புடவையில் ஒரு துண்டு கிழித்தனுப்பு. துவைக்காமல், உன் வாசத்தோடே அனுப்பினாலும் குறையில்லை.

அடுப்பு மூட்டும் நேரமாயிற்று.

உன்னவன்