நான் வைத்த ஐந்து விநாடி

என் பொறுமைக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் உடனே சண்டைக்கு நிற்பவன், இந்தச் சண்டையை மட்டும் இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறார், முட்டிவலி மட்டும்தான். போன மாதம் லிஃப்ட் பழுதாகி ஒரு வாரம் ஒன்பது மாடி ஏறி இறங்கினோம். கீழே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நின்று கடைசி வரி வரைக்கும் படித்தேன். முன்பு நான் அப்படி நிற்கிறவன் இல்லை, உங்களுக்கே தெரியும்.

இறந்தவரிடம் கோபப்படக் கூடாது என்கிறார் மாமா. எனக்கு அந்த நாகரிகமெல்லாம் வராது. ஏன் என்னிடம் சொல்லவில்லை நீங்கள்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கைகழுவியதும், "தேக்கா மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவீர்கள். பொழுது சாய்கிற நேரம் திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு கறிவேப்பிலை இருக்கும்.

"மரத்துல ஏறிப் பறிச்சீங்களாப்பா? மூணு மணி நேரமாச்சு."

"கூட்டம் லா." எதற்கும் அந்த 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும் உங்களுக்கு.

"எங்க, நாலு நம்பர் கடையிலயா?"

நீங்கள் சிரிப்பீர்கள். "கேக்காதடா, விழுந்தா நமக்குத்தானே" என்பார் அம்மா. லாட்டரி என்றே நம்பினோம் நாங்கள். அந்தப் பெயரை நீங்களும் சந்தோஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தீர்கள்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டியவர் நீங்கள். ஆங்கிலம் பேசி யாரிடமும் வேலை வாங்கிவிடுவீர்கள். படிக்க மட்டும் வராது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கடிதம் வந்தால் மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைப்பீர்கள். நான் ஒரு கண் ஓட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல, தேதி மாத்தியிருக்கான்" என்று திருப்பிப் போடுவேன். நாலு பத்தி இருந்தாலும் என் வாயிலிருந்து வருவது ஒரு வரி.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது உங்களுக்கு எந்த அளவுக்குப் புரிந்திருந்தது என்று தெரியாது. வாசிக்கக் கற்காமலே வளர்ந்துவிட்டவர்கள் பிற்பாடு வகுப்புக்கு வந்தால் எவ்வளவு தேறுகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடந்தது. அதற்குத் தேர்வு வைக்கும் மென்பொருளை எழுதியவன் நான். டேப்லட்டில் ஒரு வாக்கியம் வரும். படிப்பவர் உரக்கப் படிக்க வேண்டும். கருவி கேட்டு மதிப்பெண் போடும். ஐந்து விநாடிக்குள் குரல் வராவிட்டால் பூஜ்யம், திரை ஓரத்தில் ஒரு சிவப்புக் குறி.

அந்த ஐந்தை வைத்தது நான். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் தேர்வு வைக்கும்போது, பிள்ளை சில விநாடி தடுமாறினால் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிற வழக்கம் உண்டு. அதை அப்படியே தூக்கிப் பெரியவர்களுக்கும் வைத்துவிட்டேன். படிக்கத் தெரிந்தவனுக்கு அதற்குமேல் எதற்கு நேரம்? அப்படித்தான் நினைத்தேன்.

தேக்கா பக்கம், சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த வகுப்பிலிருந்து கலா டீச்சர் இரண்டு முறை மின்னஞ்சல் எழுதினார். பெரியவர்கள் முதலில் மனதுக்குள் படித்துப் பார்க்கிறார்கள், தப்பாக வந்துவிடுமோ என்ற பயம் தீர்ந்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள், நேரம் கொடுங்கள் என்று. "வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். மாற்ற முடியாது" என்று பதில் போட்டேன். தஞ்சோங் பகார் அலுவலகத்திலிருந்து ஒரு ரயில் மாறினால் அரை மணி நேரத்தில் அந்த வகுப்பில் இருந்திருப்பேன். ஒரு நாள்கூடப் போகவில்லை.

உங்கள் காரியம் முடிந்து மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பினேன். அறிக்கை எழுதும் நேரம். பூஜ்யம் வாங்கியவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, மைக் கோளாறா என்று பார்க்கச் சொன்னார்கள். பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

பதினேழாம் எண்ணைத் திறந்தேன். முதலில் நிசப்தம். மின்விசிறிச் சத்தம். ஐந்தாவது விநாடியில் பூஜ்யம் விழுகிறது. ஆனால் டீச்சர் 'அடுத்தது' பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தும் வரை பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். எட்டாவது விநாடியில் ஓர் இருமல். அந்த இருமல் எனக்குத் தெரியும் அப்பா. வீட்டுக் கதவைத் தட்டும் முன்னால் வருகிற இருமல்.

பதினோராவது விநாடியில் படித்தீர்கள். 'லிஃப்ட் நாளை காலை முதல் ஓடாது, படிக்கட்டைப் பயன்படுத்தவும்' என்ற அந்த ஆங்கில வாக்கியத்தை ஓர் இடத்தில்கூடத் தட்டாமல் முழுசாகப் படித்தீர்கள். சிவப்புக் குறி கண்ணெதிரே இருக்கும்போதே.

"சரியா படிச்சீங்க அங்கிள். மெஷின்தான் அவசரப்படுது. அவங்களுக்கு மறுபடி மெயில் எழுதிப் போடுறேன்" என்கிறார் டீச்சர்.

"வேணாம் டீச்சர். இது எம்பையன் செஞ்சது. அதுல தப்பு இருக்காது லா. நான்தான் ஸ்லோ."

அப்புறம் நாற்காலி நகரும் சத்தம்.

பட்டறைக் கதை சொல்வீர்களே, பாரத்தை ஒரு முழம் தூக்கி நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் மேலே தூக்கச் சொல்லிக் கை காட்டுவேன் என்று. அந்தப் பதினோரு விநாடியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள். நூறு தடவை கேட்ட கதை. எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அந்த மாடிக்குப் போனேன். பெயரைச் சொன்னதும் டீச்சர் மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் அந்த 'மாற்ற முடியாது'வா?"

நான் உங்கள் மகன் என்று அந்தத் தேர்வு நாளில்தான் அவருக்கே தெரிந்ததாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு மூன்றாவது தேர்வு, மூன்றிலும் பூஜ்யம். அதற்குப் பிறகு நீங்கள் வகுப்புக்கு வரவே இல்லை என்றார். வகுப்பில் சேருபவர்களிடம் முதல் நாளே, எதைப் படிக்க ஆசை என்று கேட்பாராம். நீங்கள் சொன்னது: "வீட்டுக்கு வர்ற லெட்டர். பையன் ஒரு வரிதான் சொல்றான். மிச்சத்துல என்ன இருக்குன்னு தெரியணும்."

வகுப்பை விட்ட பிறகும் நாலு மாதம் ஞாயிறுதோறும் கறிவேப்பிலை வாங்கி வந்தீர்களே. அந்த நேரமெல்லாம் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

மற்ற பூஜ்யங்களையும் கேட்டேன். வயதானவர்கள் பலரும் உங்களைப் போலத்தான். குறி விழுந்த பிறகு நிதானமாக, சரியாகப் படிக்கிறார்கள். ஆனால் அறிக்கையில் 'அறுபதைத் தாண்டியவர்களிடம் முன்னேற்றம் இல்லை' என்று எழுதி, அவர்கள் வகுப்பை நிறுத்தப் பரிந்துரைத்திருந்தார்கள். அதற்குச் சான்று நான் செய்த கருவி. அந்தச் சான்றில் நீங்களும் இருந்தீர்கள்.

ஆய்வுத் தலைவரிடம் போய், கருவி தப்பு, செய்தவன் நான் சொல்கிறேன் என்றேன். "அப்பா இறந்த நேரம், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறீங்க. அடிக்குறிப்புல போட்டுடலாம்" என்றார். போட்டார்கள், பொடி எழுத்தில், இரண்டு வரி. அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பெயரை உடனே எடுத்தார்கள், அதில் தாமதமே இல்லை. வகுப்பையும் நிறுத்தினார்கள்.

டீச்சர் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசை. நாலு பேர் வருகிறார்கள். நானும் போகிறேன். எனக்கு எதிரே உட்காருவது சுப்பையா அங்கிள். ஒரு வரிக்கு இருபது விநாடி எடுத்துக்கொள்வார். நான் சும்மா இருப்பதைப் பார்த்து, "என்ன தம்பி, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார் போன வாரம். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். இல்லையென்றால் கண் அங்கேதான் போகிறது. குணம் அவ்வளவு லேசில் மாறாது.

உங்கள் குரலை இந்த மாதக் கடைசியில் அழித்துவிடுவார்கள். ஆய்வு முடிந்தால் பதிவுகளை அழிக்க வேண்டும் என்ற தாளில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டுத்தான் போட்டீர்களா? ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. நீங்கள் படித்ததை ஒருமுறை எறிந்தது போதும், உங்கள் கையெழுத்தையும் எறிய மாட்டேன்.

உங்கள் மேசை இழுப்பறையில் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று கிடைத்தது. இருதயச் சோதனைக்கு வரச் சொன்னது, நீங்கள் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் வந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை பத்து மணி" என்றேன், நினைவிருக்கிறதா? வியாழக்கிழமை தனியாகப் போய்விட்டு வந்தீர்கள். அந்தக் கடிதத்தில் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் பென்சில் கோடு இருக்கிறது. வகுப்பை விட்ட பிறகும் உங்கள் பாட்டுக்குப் படித்துப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டாவது பத்தி நடுவில் கோடு நின்றுவிடுகிறது.

மிச்சத்தில் என்ன இருந்தது என்று தெரியணும் என்றீர்களே. சொல்கிறேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும். சாப்பிடுகிற மருந்துகளை எடுத்து வர வேண்டும். கடைசி வரி இது: துணைக்குக் குடும்பத்தினர் ஒருவரை அழைத்து வரலாம்.

இனி யார் என்னிடம் எந்தக் கடிதத்தை நீட்டினாலும் கடைசி வரி வரைக்கும் படித்துச் சொல்வேன். அவர்களே படிக்கிறேன் என்றால், முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

அந்த வியாழக்கிழமை உங்களோடு வந்திருக்க வேண்டிய,
உங்கள் ஒரே மகன்
கதிர்