லென்ஸ் உங்களைப் பார்த்தது, நானா

புயல் வந்து ரங்கூன் மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்த வருஷம் நம் ஃபோட்டோ ஸ்டூடியோவின் கூரைத் தகரம் பறந்தது. அதற்கு அடுத்த மழைக்காலத்துக்குள் டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. இந்த மழையில் உங்கள் தகர டப்பாவைத் திறந்தேன், நானா, கூடப் பிறக்காத என் அண்ணா. வறுத்த அரிசி வாசனை. லென்ஸில் பூஞ்சை ஏறாமலிருக்க நீங்கள் கண்ட வழி அது. அரிசியை மாற்றிப் போடுவது இன்றைக்கும் நான்தான். எனக்கு எழுத்து வராது என்று உங்களுக்குத் தெரியும். கோயில் பூசாரி எழுதுகிறார், நான் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பாங்காக்கிலிருந்து வந்த உங்கள் மருமகனிடம் மிங்கலாடோன் விமான நிலையத்தில் அந்தக் கேமராவை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தீர்கள். பழைய ஃபிலிம் கேமராவின் ஐம்பது எம்.எம். லென்ஸை எடுத்து அதில் திருகினீர்கள். 'டக்' என்றது. "மாப்பிள்ளை மாதிரி போய் உக்காந்துட்டான் பாரு, முனியா!" என்று சிரித்தீர்கள். கல்யாணங்களுக்குக் கேமராவோடு வந்த பிளாஸ்டிக் லென்ஸே போதும், கூட்டமெல்லாம் அதில் அடங்கியது. ஆனாலும் முகம் என்றால் உங்களுக்கு அந்த ஐம்பதுதான்.

புதுத் தகரம் போட்டு முடித்த அன்றைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை ஊ போ தின் எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரி செல்லம்மாதான் ஆரம்பித்தாள்.

"நானா, ஒருநாளாச்சும் நீங்களும் படத்துல நில்லுங்க."

"படம் புடிக்கிறவன் மூஞ்சி எதுக்கும்மா? கிராக்கி ஓடிடும்."

"ஸயா, வெக்கமா?" என்று உங்களைக் கேட்டார் போ தின், நம்மிடம் கற்ற தமிழில். "பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்களே!"

தரையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தீர்களே, குரூப் படத்துக்கு ஸ்டாண்ட் நிற்கும் இடம், அங்கேயே கேமராவை நிறுத்தினீர்கள். ஐம்பதை மாட்டிக் குனிந்து பார்த்தீர்கள். நாங்கள் மூன்று பேர் நின்றோம். என் இடப்பக்கம் உங்கள் இடம் காலி.

"நீங்க நிக்க எடம் தெரியுதா நானா?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியறதைவிட உள்ளே அதிகமாத்தான் விழும். ஃபிலிம் காலத்துலேர்ந்து பாக்குறேன், நீ எனக்குச் சொல்றியா?"

டைமரைத் தட்டிவிட்டு, சிவப்பு விளக்கு மினுக்க, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என் தோளில் கை போட்டீர்கள். நான் லென்ஸைப் பார்த்தேன். உங்களைப் பார்க்கவில்லை.

படத்தில் மூன்று பேரும் ஒரு கையும் இருந்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். "கை நல்லா வந்திருக்கு. நாளைக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்றீர்கள். மறுநாள் யாரோ கல்யாணம். அப்புறம் எத்தனையோ பேர் கல்யாணம். உங்கள் படம் வேறெதுவும் இல்லாமலே போய்விட்டது.

உங்கள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று தோன்றிப்போய், போன வாரம் டப்பாவிலிருந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு தாமுவே மார்க்கெட் கடைக்குப் போனேன். பேப்பரில் ஓரம் வெட்டுப்பட்டாலும் நெகட்டிவில் மிச்சம் இருக்குமே. படத்தில் அறுந்துபோன ஒரு மாமியாரின் காதை நீங்கள் அப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தீர்கள். கார்டிலும் மிச்சம் இருக்கும் என்று நம்பினேன்.

கடைப் பெண் நம்ம ஆள்தான், தமிழ்தான் கொஞ்சம் தட்டும், தாத்தாவுக்கு 'அபோ' என்ற பர்மா வார்த்தைதான் வருகிறது. "அபோ, இவ்ளோதான் இருக்கு" என்றாள்.

"ஓரத்தை வெட்டாம எடும்மா."

"நான் வெட்டலே அபோ." ஒரு கேமராவின் லென்ஸைக் கழற்றி, உள்ளேயிருந்த கண்ணாடியைத் தூக்கவைத்துக் காட்டினாள். நடுவில் தபால்தலை அளவுக்கு ஏதோ மின்னியது. "இதான் சென்சார். ஃபிலிம் இதைவிடப் பெருசு. பழைய லென்ஸ் அவரைப் பாத்திருக்கு. இது சின்னது, புடிக்க முடியலே."

"அப்ப அவரு எங்கேம்மா விழுந்தாரு?"

மின்னும் துண்டுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புச் சுவரைக் காட்டினாள். "இங்கே."

நீங்கள் உள்ளே வரைக்கும் வந்திருக்கிறீர்கள், நானா. உட்காரத்தான் இடமில்லை.

இருந்ததைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னேன். என் சட்டைத் தோளை அழுத்திப் பிடித்திருக்கிறது அந்தக் கை. டெவலப்பர் மருந்து கறுப்பாக்கிய நகங்கள். மழை நாளில் எனக்கு இடது தோளில்தான் சூடு தெரிகிறது, துண்டைக்கூட அந்தப் பக்கம் போடுவதில்லை.

உறையில் எழுத அந்தப் பெண் பேர் கேட்டாள். இந்த ஊரில் எல்லாருக்கும் நான் ஊ மியின், அடையாள அட்டையில் இருக்கும் பர்மாப் பேர். அதையே சொன்னேன். செல்லம்மா 'இந்தாங்க' என்பதோடு சரி. தமிழ்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான்.

"இவங்கல்லாம் யாரு அபோ? இருக்காங்களா?"

"தேநீர்க் கடை ஊ போ தின், இல்லை. என் வீட்டுக்காரி, இல்லை. கைக்குச் சொந்தக்காரரு எங்க நானா, அவரும் இல்லை."

கறுப்பு மீசையோடு நிற்பவனை விரலால் தொட்டாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "இவரு?"

"முனியாண்டி," என்றேன். "இருக்கான்."