ஐந்து கோடும் நிறைந்திருந்த நாற்பது நாள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கீழ்வீட்டு உன் மாமாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மாமாவின் முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். காலையில் நடந்தது இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் பேச்சு நின்ற நாளிலிருந்து, நாற்பது நாளாக, கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். இன்று ஓய்வூதியப் படிவம் அனுப்பக் கடைசி நாள், வேறு வழியில்லாமல் திறந்தேன். சிக்னல் கோடு ஐந்தும் நிறைந்து நிற்கிறது, பக்கமோ திறக்கவே மாட்டேன் என்கிறது. அதுக்கும் உன் மேல கோபம் போலிருக்கு என்று மாமா சிரித்துவிட்டு, ரிப்பேர் கடை அம்மாளைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் வந்ததும் வராததுமாக வைஃபை பெட்டி எங்கே என்று கேட்டார். பீரோவில் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்ன செய்ய, முப்பத்தோரு வருஷம் எடை அளவு ஆபீசில் இருந்தவள், அங்கே எடைக்கற்களைத் துணியில் சுற்றி இரும்பு பீரோவில் பூட்டித்தான் வைப்போம், தூசி படக்கூடாது. அதே வழக்கத்தில் வைஃபை பெட்டியையும், வயர் போகப் பின்பக்கம் ஓட்டை போட்டு, பீரோவில் பூட்டியிருந்தேன். கோடு ஒன்றாகக் குறைந்ததும், பெட்டியின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் பின்னாலேயே சொருகினேன், உடனே ஐந்தும் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமையைக் கேட்கவேண்டுமா!

பெட்டியை அணைச்சிட்டு வந்து கோட்டைப் பாருங்கம்மா என்றார் அவர். அணைத்துவிட்டு வந்து பார்த்தால், ஐயோ, ஐந்தும் அப்படியே நிற்கிறது! ஒரு விளக்குகூட எரியாத பெட்டி, முழுச் சிக்னல்! அந்தக் கோடு பக்கத்துல இருக்கிற ரிப்பீட்டரைத்தாம்மா காட்டுது, ரிப்பீட்டருக்கு ஏதாவது வருதான்னு அதுக்குத் தெரியாது என்றார். நெட் வரவில்லை என்று ஓரத்தில் மஞ்சளாக ஒரு முக்கோணம் வருமே, அதைத் திரையில் ஒட்டிய அழுக்கென்று எத்தனை முறை துடைத்திருப்பேன். தராசைச் சோதிக்கக் கடை கடையாகப் போனவள் நான், காலித் தட்டில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் ஒரு கல்லை எடுத்து வைத்ததில்லை. காலித் தட்டுக்கு எடை காட்டும் தராசைக் கண்டால் அங்கேயே பறிமுதல். அப்படி ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதை நம்பி உன்னையல்லவா பிடித்தேன்.

ஞாயிறுதோறும் கம்ப்யூட்டரில் நாம் பேசும்போது, எப்போது வருகிறாய் என்று கேட்டால் சரியாக அந்த இடத்தில் பேச்சு அறும், கடைசி மூன்று ஞாயிறும் அப்படியே. சிக்னல் இல்லம்மா, கொஞ்சம் இரு என்று எழுதினாய். நான் இருந்தேனா? ஐந்து கோட்டையும் படம் பிடித்து, இதோ சாட்சி, பொய் சொல்லாதே, வர இஷ்டமில்லையென்றால் நேராகச் சொல் என்று அனுப்பினேன். அந்தப் படம் போய்ச் சேரவே கால் மணி நேரம் சுற்றியது, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? சரிம்மா என்று ஒற்றை வார்த்தை வந்தது, துணியைப் போட்டு மூடினேன்.

இன்று பெட்டியை வெளியே எடுத்து ரிப்பீட்டரைப் பிடுங்கியதும் கோடு மூன்றாகக் குறைந்தது, படிவமோ நொடியில் போய்விட்டது. கூடவே அன்றைக்கு நீ பேசி அனுப்பி, இறங்காமல் கிடந்த குரல் செய்தியும் வந்து விழுந்தது. கட்டாயிடுச்சும்மா, அதான் இதுல சொல்றேன், லீவு கிடைச்சிடுச்சு, அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி வர்றேன், ஒரு மாசம் உன்கூடத்தான் என்று சிரிக்கிறாய். அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன், என் படத்துக்கு ஆறு நிமிஷம் முந்தி. வருகிறேன் என்று நீ சொன்னதற்கு, பொய்யன் என்று நான் பதில் போட்டதாகத்தானே உனக்குப் பட்டிருக்கும்! பன்னிரண்டு போய் ஒன்பது நாள் ஆகிறது ராஜா. மாமா கீழே இறங்கிப் போய்விட்டார், ரிப்பேர் அம்மாள் நான் போட்டுக் கொடுத்த டீயைத் தொடவே இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம். தப்பு செய்தவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம், எத்தனையோ பேரிடம் நானே நின்று வாங்கியிருக்கிறேன். நீ பொய் சொல்லவில்லை, தப்பு என்னுடையது. நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நீ நூறு வயசு இருக்கவேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, நடுவில் அறுந்தால் மறுபடி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பீரோக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்திடும்
உன் அம்மா