ஷெட்டில் மட்டும் திறக்காத கார்

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். பத்து மணி வரை பனி விலகவில்லை. நேற்றுத் துவைத்தது இன்னும் ஈரம்.

கொழுந்தன் சின்னசாமி (சி.) சேலத்தில் காருக்கு ரிமோட் பூட்டு வைத்துக்கொண்டு வந்தார். சாவி நுழைக்க வேண்டாம், பட்டனை அமுக்கினால் நான்கு கதவும் டப்பென்று திறக்குமாம். ஒண்டிக்கடை முக்கில் நிறுத்தி ஊருக்கே காட்டியிருக்கிறார். வீட்டு ஷெட்டுக்குள் வந்ததும் திறக்கவில்லை. பத்துத் தடவை அமுக்கினார், கதவை உதைத்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நல்ல சிரிப்பு வந்தது.

வீட்டுக்காரருக்கு மூன்று வேளை ஊட்டியாயிற்று. இரண்டு வேளை துடைத்தாயிற்று. அதற்கு மேல் அந்த அறைக்குப் போவதில்லை.

வாங்க: பூண்டு, சீயக்காய், பினாயில்.

ஜூன் 9, செவ்வாய்

தூறல் விட்டது. சி. சாவியால் திறந்து ஏரிக்கரைக்கு ஓட்டிப் போனால் அங்கே பட்டனுக்குத் திறக்கிறதாம். கரடியூர் போய் வந்தார், அங்கும் திறக்கிறதாம். நம் ஷெட்டில் மட்டும் இல்லை. சேலம் மெக்கானிக்குக்குப் போன். பக்கத்தில் ஏதோ சிக்னல் குறுக்கே வருகிறது, ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள் என்றானாம். சி. மெயினையே அணைத்தார். ஃப்ரிஜ், டியூப் லைட் எல்லாம் செத்தும் கார் திறக்கவில்லை. என் மாவு பாதி அரைபட்டதோடு நின்றது.

ரிமோட்டுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். அதற்கும் மசியவில்லை.

ஜூன் 10, புதன்

எனக்குத் தெரிந்துவிட்டது.

துவைக்கும் கல் வீட்டுக்காரர் அறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. அறைக்கு அந்தப் பக்கம் கார் ஷெட். டிரான்சிஸ்டரைக் கல்மேல் வைத்துவிட்டுத் துவைத்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு நடுவில் இரைச்சல். இரண்டு நீளம், ஒரு குட்டை. நின்றது. மறுபடியும் இரண்டு நீளம், ஒரு குட்டை.

அது என்னைக் கூப்பிடும் விசில்.

வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் ரைட்டராக இருந்த வரை எல்லாரையும் விசிலில்தான் கூப்பிடுவார். களை எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு, பழம் பறிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. எனக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. வீட்டுக்குள்ளும் அதேதான். இருபத்தாறு வருஷம். மூன்றாவது சத்தம் முடிவதற்குள் எதிரில் நிற்காவிட்டால் அடி. பேர் சொல்லி ஒரு நாள் கூப்பிட்டதில்லை.

பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, ஊதவும் முடியவில்லை. சி. ஒயர் இல்லாத காலிங் பெல் வாங்கி வந்தார். சுவிட்ச் அவர் கையில், பெல் சமையலறையில். இடது கட்டைவிரல் ஒன்றுதான் அசைகிறது, அதை வைத்தே அதே கணக்கில் நாள் முழுக்க என்னைக் கூப்பிட்டார். போன மாதம் பெல்லிலிருந்து செல்களைக் கழற்றி என் டிரான்சிஸ்டரில் போட்டுக்கொண்டேன். சுவிட்சுக்குத் தனி பேட்டரி, அமுக்கினால் அதில் சிவப்பாக ஒரு பொட்டு எரியும். அதனால் பெல் அடிக்கிறது, நான்தான் வராமல் திமிர் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

ஆக, டிரான்சிஸ்டரில் இரைவதும் காரைத் திறக்க விடாமல் பிடித்து வைத்திருப்பதும் அந்தச் சுவிட்சை அமுக்கும் அவர் விரல். இதைக் கண்டுபிடித்தால் செல் இல்லாததும் வெளியே வரும். சி. என்னை வெளியே அனுப்பிவிடுவார். வீடு சி. பேரில். எனக்குப் போக இடம் கிடையாது.

செல்லைத் திரும்பப் போட்டுவிடலாம். போட்டால் மறுபடியும் அந்தச் சத்தம். என்னால் முடியாது.

பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு துவைத்து முடித்தேன்.

ஜூன் 11, வியாழன்

பனி. மதியம் பெரிய ரகளை.

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் (போ.மா.) டிவி ஆன்டெனாவுக்குப் பூஸ்டர் வைத்திருக்கிறார். அதை நிறுத்தச் சொன்னார் சி. அவர் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். கார் டப்பென்று திறந்துவிட்டது.

அந்த நேரம் நான் வீட்டுக்காரருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டும்போது சுவிட்சை அமுக்க மாட்டார், நான்தான் எதிரிலேயே இருக்கிறேனே. இது எனக்கு மட்டும்தான் தெரியும். பூஸ்டர்தான் காரணம் என்று சி. கிளை நறுக்கும் கவாத்துக் கத்தியோடு போ.மா. வீட்டு ஓட்டின்மேல் ஏறி ஒயரை மூன்று துண்டாக வெட்டிப் போட்டார்.

போ.மா. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வேலி ஓரம் வந்தார். “ஏனுங்கம்மா, எங்கூட்டு டிவிதான் காரணம்னு நீங்களும் நெனைக்கறீங்களா?”

“எனக்குத் தெரியலீங்க” என்றேன்.

என் நெற்றி கிழிந்த அன்று ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட வைத்தவர் அவர். யாரிடமும் ஏன் எப்படி என்று சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்கு எப்படி அந்த வார்த்தை வந்ததோ. வந்துவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

கார் மறுபடியும் திறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் இல்லை. சி. ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நாளைக்கு ஒண்டிக்கடை ரேடியோ ரிப்பேர்க்காரரைக் கூட்டி வருகிறாராம்.

மாற்றுப் புடவை நான்கை ஒரு பையில் எடுத்து வைத்தேன். பிறகு எடுத்து மறுபடியும் பெட்டியிலேயே வைத்தேன். எங்கே போவது?

ஜூன் 13, சனி

மழை. ரேடியோக்காரர் பதினோரு மணிக்கு வந்தார். குடையோடு ஒரு குட்டி ரேடியோ. ஷெட்டைச் சுற்றினார், இரைச்சல் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடந்தார். நேராக வீட்டுக்காரர் அறை. கட்டிலில் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டே இருக்கிறது, சிவப்புப் பொட்டு எரிந்து எரிந்து அணைகிறது. விரலின் தோல் உரிந்து போயிருந்தது. நானே இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெல் எங்கே அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் வந்துவிட்டார். மூடியைக் கழற்றினார். சி. பின்னாலேயே நிற்கிறார்.

“ஏனுங்கம்மா, இதுல செல்லே இல்லீங்களே” என்றார்.

சி.தான் பேசினார். “அது கெடக்குதுங்க. அந்த சுவிட்ச நிறுத்துனா கார் தெறக்குமா, அதச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். சுவிட்சின் முதுகைத் திருகிக் குட்டி பேட்டரியை எடுத்தார்கள். கார் திறந்தது. ஐந்தாறு தடவை திறந்து மூடிப் பார்த்தார் சி. வெறும் சுவிட்சை என்னிடம் நீட்டினார். “சும்மா கைல இருக்கட்டும் அண்ணி. இல்லீன்னா அழுவாரு.”

பிழைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கஞ்சி கிளறும்போதுதான் உறைத்தது. நாளைக்கு நான் விழுந்தாலும் இந்த வீட்டில் இப்படித்தான்.

போ.மா. ஒயரை யாரும் கட்டிக் கொடுக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

மதியம் சோறு எடுத்துப் போனேன். அமுக்கிக்கொண்டிருந்தார். பொட்டு எரியவில்லை. சுவிட்சைப் பார்த்தார், மறுபடியும் அமுக்கினார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பேட்டரிய உங்க தம்பி எடுத்துட்டாருங்க” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அதுக்கு முன்னாடியும் அடிக்கலீங்க. ஒரு மாசமாச்சு. பெல்லுல இருந்த செல்ல நாந்தான் கழட்டுனேன். இனிமே நான் வந்தாத்தானுங்க உண்டு.”

விரல் நின்றுவிட்டது.

கரண்டியை நீட்டினேன். உடனே வாயைத் திறந்தார். மெல்லாமலே விழுங்கிவிட்டு அடுத்ததற்கும் திறந்தார். கண் என் கையைவிட்டு நகரவில்லை. அவருக்கு என்மேல் பயம் வந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. கிண்ணத்தில் பாதிச் சோறு இருந்தது. போதும் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.